முயல் வளர்த்த சீமாட்டி

நீலச் சட்டை போட்ட முயல் ஒன்று உண்டு. அதன் பெயர் பீட்டர். உலகத்தில் பல மொழி பேசும் குழந்தைகள் அதன் கதையைப் படித்திருக்கிறார்கள்.

அந்த முயல் வெறும் கற்பனை அல்ல. லண்டன் நகரில், ஒரு பணக்கார வீட்டில், உயிரோடு இருந்தது. கணப்பு அடுப்பின் முன்னால் பூனையைப் போலப் படுத்து உறங்கியது. அதை வளர்த்தவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற பெண்மணி.

முயல் மட்டுமா? எலி, முள்ளெலி, வௌவால், பல்லி, தவளை, நத்தை ஆகிய எல்லாவற்றையும் அவர் வளர்த்தார். அவற்றால் அவருக்குப் புகழ் வந்தது, பணம் வந்தது. அவற்றுக்காக அவர் பட்ட கவலையும் கொஞ்சம் அல்ல.

மூன்றாவது மாடி

1866-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி பியாட்ரிக்ஸ் பிறந்தாள். தகப்பனார் ரூபர்ட் பாட்டர் வக்கீலுக்குப் படித்தவர். ஆனால் கோர்ட்டுக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவருடைய தகப்பனார் துணிகளில் பூ அச்சடிக்கும் ஆலை நடத்திப் பெரும் பணம் சேர்த்து வைத்திருந்தார். போட்டோ பிடிப்பதுதான் ரூபர்ட்டின் ஆசை வேலை.

பெரிய வீடு. நிறைய வேலைக்காரர்கள். பியாட்ரிக்ஸ் வளர்ந்தது மூன்றாவது மாடி அறையில். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஆசிரியை வீட்டுக்கே வந்து பாடம் சொன்னாள். கூட விளையாடத் தோழிகள் இல்லை.

தம்பி பெர்ட்ரம் அவளுக்கு ஏறக்குறைய 6 வயது இளையவன். அக்காளும் தம்பியும் சேர்ந்தால் ஒரே வேலைதான். கண்ணில் படும் பிராணிகளை எல்லாம் பிடித்து வருவார்கள். ஆண்டுதோறும் கோடையில் குடும்பம் ஸ்காட்லாந்து நாட்டுப் பக்கம் போய்த் தங்கும். அங்கே காடும் ஓடையும் உண்டு. அங்கிருந்து பலவும் பெட்டியில் ஏறி லண்டன் மாடிக்கு வந்து சேரும்.

வந்த பிராணிகளை அவள் கொஞ்சினாள். கொஞ்சியதோடு விடவில்லை. காகிதத்தை எடுத்து வரைந்தாள். காது எப்படி மடிகிறது, கால் விரல் எத்தனை, மீசை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். ஏதாவது ஒன்று செத்துப் போனால் அதை வேக வைத்து, எலும்புகளை எடுத்துச் சேர்த்துக் கட்டி, அதையும் வரைந்தாள். கேட்பதற்கு அருவருப்பாக இருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் அவர் வரைந்த முயல், சட்டை போட்டுக்கொண்டு நின்றாலும் முயலாகவே இருந்ததற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

செத்துப் போன நத்தைகள்

பியாட்ரிக்சுக்கு இன்னொரு ரகசியமும் இருந்தது. பதினைந்து வயது வாக்கில் தொடங்கி 30 வயது வரை அவள் நாட்குறிப்பு எழுதினாள். யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகத் தானே ஒரு சங்கேத எழுத்தைக் கண்டுபிடித்து, பொடிப் பொடியாக எழுதினாள். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1958-ல் லெஸ்லி லிண்டர் என்பவர் அந்தச் சங்கேதத்தை உடைத்தார். அதன் பிறகுதான் மாடி அறையில் நடந்ததெல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது.

அதில் நத்தைகளின் கதை ஒன்று இருக்கிறது. அவள் ஒரு நத்தைக் கூட்டத்தை வளர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நத்தையில் என்ன வித்தியாசம் என்று நாம் நினைப்போம். அவளுக்கு ஒவ்வொரு நத்தையும் ஒவ்வொரு குணம். ஒரு நாள் பார்த்தால் எல்லாம் ஈரம் இல்லாமல் காய்ந்து செத்துக் கிடந்தன. அவள் மனம் கலங்கிப் போனாள். இதில் தங்கள் குற்றமும் பாதி உண்டு என்று ஒளிக்காமல் எழுதி வைத்தாள்.

பெர்ட்ரம் பள்ளிக்கூட விடுதிக்குப் போனபோது தன் வௌவால்களை அக்காளிடம் விட்டுப் போனான். வௌவாலுக்குத் தீனி போடுவது லேசான காரியம் அல்ல. அது பூச்சி தின்னும் பிராணி. வீட்டுக்குள் அவ்வளவு பூச்சிக்கு எங்கே போவது? அக்காள் தவித்தாள். பிழைக்காது என்று தெரிந்தால் கொன்று பாடம் செய்து வைத்துவிடு என்று தம்பி கடிதம் எழுதினான். ஒன்றை அவள் பறக்க விட்டாள். நீண்ட காது வௌவாலை மயக்க மருந்து கொடுத்துத் தானே கொன்றாள். பிறகு அதைப் பாடம் செய்தாள்.

வளர்க்கிற கைதான் இந்த வேலையையும் செய்ய வேண்டும் என்பதை அவள் அப்போதே தெரிந்து கொண்டாள். வேலைக்காரனிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கொள்ளவில்லை.

காகிதப் பையில் வந்த முயல்

முதலில் வந்த முயலின் பெயர் பெஞ்சமின். லண்டன் பறவைக் கடை ஒன்றிலிருந்து காகிதப் பைக்குள் ஒளித்துக் கொண்டு வரப்பட்டது. ஒரு வார காலம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை!

பெஞ்சமின் நல்ல சாப்பாட்டுப் பிரியன். வெண்ணெய் தடவிச் சுடச் சுட வாட்டிய ரொட்டி என்றால் அதற்கு உயிர். தேநீர் நேரத்து மணி அடித்தால் போதும். கூடத்துக்கு ஓடி வந்துவிடும். கோடைக்குப் போகும்போது அதுவும் கூடப் போகும். கழுத்தில் வார் கட்டி, நாய்க்குட்டியைப் போல அதைத் தோட்டத்தில் நடத்திக்கொண்டு போவார் பியாட்ரிக்ஸ்.

1890-ல் அவருக்கு 24 வயது. அச்சு யந்திரம் ஒன்று வாங்க அக்காளும் தம்பியும் ஆசைப்பட்டார்கள். கையில் பணம் இல்லை. பெரிய வீட்டுப் பெண்தான். ஆனால் சொந்தமாகக் காசு ஏது? பெஞ்சமினைப் பார்த்து ஆறு படங்கள் வரைந்து, வாழ்த்து அட்டை அச்சிடும் கம்பெனிக்கு அனுப்பினார். 6 பவுன் வந்தது. அவர் தம் கையால் சம்பாதித்த பணம்!

சந்தோஷம் தாங்கவில்லை. சம்பாதித்துக் கொடுத்த பெஞ்சமினுக்கு வெகுமதி தர வேண்டாமா? ஒரு கோப்பை நிறைய விதை கொடுத்தார். அது கஞ்சாச் செடி இனத்து விதை. அந்த நாட்டில் பறவைகளுக்குப் போடுவார்கள். பெஞ்சமின் அவ்வளவையும் தின்று தீர்த்தது. மறுநாள் காலையில் படம் வரையக் கூப்பிட்டால், பாதி போதையில் இருந்தது. சொன்னபடி நிற்கவே இல்லை. அன்று வேலை நடக்கவில்லை.

அடுத்து வந்தது பீட்டர். லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 4 ஷில்லிங் 6 பென்சுக்கு வாங்கினார். ஒரு முயலுக்கு அது அநியாய விலை என்பது அவருடைய எண்ணம். ஆனால் கொடுத்த காசு வீணாகவில்லை. பீட்டர் வளையத்துக்குள் தாவும். மணி அடிக்கும். சின்ன மேளத்தைத் தட்டும். வெளியார் வந்து வித்தை பார்க்க உட்கார்ந்தால் மட்டும் சில நேரம் அடம் பிடிக்கும். பிள்ளைகளைப் பாடச் சொல்லும் தாய்மாருக்கு இந்தச் சங்கடம் புரியும்.

இரவல் வாங்கிய பிராணி

1893-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு விபரீதம் நடந்தது.

பக்கத்தில் வசித்த பேஜட் என்ற மாதிடம் நிறையக் கினிப்பன்றிகள் இருந்தன. பெயர்தான் பன்றி. உண்மையில் அது எலி இனம். உள்ளங்கை இரண்டில் அடங்கும். படம் வரைவதற்காக நீண்ட மயிர் உள்ள ஒன்றைப் பியாட்ரிக்ஸ் இரவல் வாங்கி வந்தார். அதன் பெயர் எலிசபெத் ராணி.

ராணி வந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை. மை ஒற்றும் காகிதத்தைத் தின்றாள். அட்டையைத் தின்றாள். கயிற்றைத் தின்றாள். மறுநாள் காலையில் செத்துக் கிடந்தாள்.

சொந்தப் பிராணி செத்தால் துக்கம். இரவல் பிராணி செத்தால் துக்கத்தோடு வெட்கமும் சேரும். பியாட்ரிக்ஸ் அந்த உடலை எடுத்துக்கொண்டு போய்ச் சொந்தக்காரியிடம் ஒப்படைத்தார். தாம் வரைந்த படத்தையும் கொடுத்தார். வேறு என்ன செய்ய முடியும்? கொறிக்கும் பிராணிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்தே தீர வேண்டும். வைக்கோலையும் கீரையையும் கடிக்கக் கொடுக்காவிட்டால் அது அட்டையைக் கடிக்கும். முயல் வளர்ப்பவர்களுக்கும் எலி வளர்ப்பவர்களுக்கும் இன்றைக்கும் இதுதான் தலைவலி.

காய்ச்சல் பிள்ளைக்கு ஒரு கடிதம்

அதே ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி. பியாட்ரிக்ஸ் ஸ்காட்லாந்தில் இருந்தார். அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியை ஆனிக்கு அப்போது குழந்தைகள் இருந்தார்கள். மூத்தவன் நோயல். 5 வயது. நோயில் படுத்திருந்தான். அவனுக்கு என்ன எழுதுவது என்று தோன்றவில்லை. ஆகவே, நான்கு முயல் குட்டிகளின் கதையைப் படம் போட்டு எழுதி அனுப்பினார். அதில் குறும்புக்காரக் குட்டியின் பெயர் பீட்டர்.

நோயல் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். ஏழு ஆண்டுகள் கழித்து அதைத் திரும்ப இரவல் வாங்கி, பியாட்ரிக்ஸ் புத்தகமாக்கினார். பதிப்பகங்களுக்கு அனுப்பினார். குறைந்தது ஆறு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கிடையில் 1901 ஜனவரி 26-ந் தேதி பீட்டர் இறந்தது. வயது 9. வீட்டு முயலுக்கு அது நல்ல ஆயுள். அதற்கு அறிவு அதிகம் இருந்ததோ இல்லையோ, குணம் தங்கம் என்று பின்னால் எழுதி வைத்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். பீட்டர் இல்லாத வீட்டில் பீட்டரின் புத்தகம் வந்தது! பிறகு, முன்பு மறுத்த பிரெடரிக் வார்ன் கம்பெனியே முன்வந்தது. 1902 அக்டோபரில் புத்தகம் வெளிவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 28 ஆயிரம் பிரதிகள் அச்சாகிவிட்டன. பியாட்ரிக்சுக்கு வயது 36.

கண்ணாடி வீட்டில் எலி

வார்ன் கம்பெனி சகோதரர்களில் இளையவர் நார்மன். புத்தக வேலைகளைக் கவனித்தவர் அவர். கலியாணம் ஆகாதவர். அண்ணன் பிள்ளைகளுக்குப் பொம்மை செய்து கொடுப்பதில் கைகாரர்.

1903-ல் உறவினர் வீட்டுச் சமையல் அறையில் எலிப்பொறியில் சிக்கிய எலிகள் பியாட்ரிக்சிடம் வந்து சேர்ந்தன. அவற்றில் பெண் எலிக்கு ஹன்கா மன்கா என்று பெயர் வைத்தார். நார்மன் அதற்கு ஒரு வீடு செய்து கொடுத்தார். முன்பக்கம் கண்ணாடி. எலி உள்ளே என்ன செய்கிறது என்று வெளியில் இருந்தபடியே பார்த்து வரையலாம்.

நார்மனின் அண்ணன் மகளுக்கு ஒரு பொம்மை வீடு இருந்தது. அதையும் நார்மனே செய்திருந்தார். அதைப் பார்த்து வரைய வேண்டும். ஆனால் தாயார் போகவிடவில்லை. 37 வயது மகளுக்குப் பக்கத்து ஊர் போக அனுமதி இல்லை! நார்மன் அந்த வீட்டைப் போட்டோ பிடித்து அனுப்பினார். பொம்மைத் தட்டுகளும், சுண்ணாம்பில் செய்த பொம்மைப் பலகாரங்களும் வாங்கி அனுப்பினார். அவற்றைப் பார்த்துத்தான் இரண்டு கெட்ட எலிகளின் கதை உருவாயிற்று. 1904-ல் வெளிவந்தது.

எலியைப் பற்றிக் கடிதம் போகும். பொம்மையைப் பற்றிப் பதில் வரும். இப்படியே இருவர் மனமும் ஒன்றாகிவிட்டது.

1905 ஜூலையில் ஒரு நாள் ஹன்கா மன்கா கூரையில் தொங்கும் சரவிளக்கின் மேலிருந்து கீழே விழுந்தது. தள்ளாடித் தள்ளாடி மாடிப்படி ஏறித் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சுமார் பத்து நிமிஷத்தில் பியாட்ரிக்சின் கையிலேயே உயிரை விட்டது.

அதை விழவிட்டதற்காகத் தம்மையே மன்னிக்க முடியவில்லை என்று அவர் நார்மனுக்கு எழுதினார். தம் கழுத்து முறிந்திருந்தால்கூடத் தேவலை என்ற அளவுக்கு எழுதினார். ஓர் எலிக்காகவா இவ்வளவு என்று கேட்கலாம். எலி உள்ளே வரவில்லை; இவர்தான் கொண்டு வந்தார். விளக்கில் ஏற விட்டவரும் இவர்தான். அவர் மனதை அறுத்தது அது.

சில நாட்களில், ஜூலை 25-ந் தேதி, நார்மனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் எலியும் இல்லை, புத்தகமும் இல்லை. தம்மை மணந்து கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருந்தார்.

பெற்றோர் எதிர்த்தார்கள். புத்தகம் விற்கும் வியாபாரிக்கா பெண் கொடுப்பது என்றார்கள். அவர்கள் வீட்டுப் பணமே துணி வியாபாரத்தில் வந்த பணம்தான். அதை மறந்து விட்டார்கள்! பியாட்ரிக்ஸ் மீறினார். சம்மதம் தெரிவித்தார். மோதிரம் அணிந்தார். ஆனால் வெளியில் சொல்லக் கூடாது என்று வீட்டில் கட்டளை.

ஒரு மாதம்தான். ஆகஸ்டு 25-ந் தேதி நார்மன் இறந்துவிட்டார். ரத்தப் புற்றுநோய். வயது 37. அப்போது பியாட்ரிக்ஸ் பெற்றோருடன் வேல்ஸ் நாட்டில் இருந்தார்.

நிச்சயம் ஆனதே ஊருக்குத் தெரியாதபோது, துக்கத்தை யாரிடம் சொல்வது?

டிக்கி அம்மாள்

அப்போது அவரிடம் ஒரு முள்ளெலி இருந்தது. அதன் பெயர் திருமதி டிக்கி விங்கிள். அதைக் கூடையில் வைத்து ரெயிலில் கூட்டிப் போவார். ரெயிலில் ஏறினால் டிக்கி அம்மாளுக்குப் பசி எடுத்துவிடும். பொம்மைக் கோப்பையில் பால் குடிப்பாள்.

படம் வரையும்போதுதான் தொல்லை. மடியில் தூங்க விட்டால் சாது. நிற்க வைத்தால் அரை மணி நேரம் பொறுப்பாள். அதன் பிறகு பரிதாபமாகக் கொட்டாவி விடுவாள். அப்புறம் கடிப்பாள்.

டிக்கி அம்மாளின் கதைப் புத்தகம் 1905 அக்டோபரில் வந்தது. நார்மன் பார்க்கவில்லை. மறு ஆண்டுத் தொடக்கத்தில் டிக்கியும் நோயில் விழுந்தாள். மெலிந்து போனாள். இனித் தேற மாட்டாள் என்று தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் வௌவாலுக்குச் செய்ததை, பியாட்ரிக்ஸ் இப்போது டிக்கிக்கும் செய்தார். மயக்க மருந்து கொடுத்து, வலி இல்லாமல் போக விட்டார்.

ஆட்டுக்காரி

நார்மன் இறந்த அதே ஆண்டில், புத்தகத்தில் வந்த பணத்தையும் ஓர் அத்தை விட்டுப்போன பணத்தையும் சேர்த்து, வட இங்கிலாந்தில் ஏரிகள் நிறைந்த மலைப் பகுதியில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். பெற்றோரை விட்டு முழுதும் வெளியேற முடியவில்லை. லண்டனுக்கும் பண்ணைக்கும் மாறி மாறிப் போய் வந்தார். ஆண்டுகள் இப்படியே ஓடின.

நில விவகாரங்களைக் கவனித்த உள்ளூர் வக்கீல் வில்லியம் ஹீலிஸ். 1913 அக்டோபர் 15-ந் தேதி இருவருக்கும் கலியாணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு 47 வயது. வக்கீல் மாப்பிள்ளை வேண்டாம் என்றும் பெற்றோர் சொல்லிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

அதன் பிறகு அவர் எழுதியது குறைவு. ஆடு வளர்த்தது அதிகம். அந்த மலைக்கே உரிய ஹெர்ட்விக் என்ற நாட்டு ஆடுகளின் மேல் அவருக்குப் பிரியம். மற்றவர்கள் அதிக விலை போகும் சீமை ஆடுகளுக்கு மாறிக் கொண்டிருந்தபோது இவர் நாட்டு ஆட்டைக் கைவிடவில்லை. 1923-ல் டிரவுட்பெக் என்ற பெரிய பண்ணையை வாங்கியபோது அதன் மந்தை நோய் பிடித்துக் கிடந்தது. மருந்து கொடுத்து மீட்டார். கிழிசல் கம்பளி உடையும் மரக்கட்டைச் செருப்புமாகச் சேற்றில் நடந்தார். பீட்டர் முயலை எழுதியவர் இவர்தான் என்று பார்த்தால் தெரியாது.

ஆட்டுக்கு அவர் பரிசு வாங்கினார். ஆட்டை விற்கவும் செய்தார். பண்ணையில் வளர்ந்தது தட்டுக்குப் போகும் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. பீட்டர் கதையிலேயே பாருங்கள்: தோட்டக்காரன் வீட்டில் பீட்டரின் அப்பா முயலைப் பிடித்துப் பலகாரம் செய்துவிட்டார்கள் என்று முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறார். குழந்தைகள் அதைப் படித்துப் பயந்து ஓடவில்லை.

வயதான காலத்தில் சீனத்துக் குட்டி நாய்கள் இரண்டு வளர்த்தார். குளிரில் அவை காலடியில் படுத்துக் கொள்ளும். வெந்நீர்ப் பைக்குப் பதிலாக ஆயிற்று!

1943 டிசம்பர் 22-ந் தேதி பியாட்ரிக்ஸ் காலமானார். வயது 77. உடலை எரித்து, சாம்பலை டாம் ஸ்டோரி என்ற அவருடைய இடையரிடம் கொடுத்தார்கள். அவர் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, டாம் அதை மலைச் சரிவில் ஓரிடத்தில் தூவினார். இடம் எது என்று வெளியில் சொல்லவில்லை.

4 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் பண்ணைகளும் நாட்டின் பழைய சொத்துகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்டுக்குப் போயின. உயிலில் நிபந்தனைகள் இருந்தன. பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளே வளர வேண்டும். டிரவுட்பெக் நிலத்தில் வேட்டை நாய்களை ஏவி முயலையும் நீர்நாயையும் யாரும் விரட்டக் கூடாது.